பையில் இல்லாத கடிதம்



குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்காக நின்றபோது, பக்கத்திலிருந்த ஓர் உம்மா ஒரு பொலித்தீன் பையை மடியில் இறுக அணைத்திருந்தார். உப்புக் காற்றுப் படாமல் மூன்று சுற்றுச் சுற்றிய பை. உள்ளே மகளின் சான்றிதழ்கள். மகள் கொழும்பில் கம்ப்யூட்டர் புரோகிராமராம். மருமகன் அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கிறாராம். "மகளும் படிச்ச பிள்ளைதானே, அவளுக்கும் ஏதோ மதிப்பீடாம். இனியென்ன பரீட்சை?" என்று கேட்டார்.

பரீட்சை இல்லை, தாள்தான். கம்ப்யூட்டர் தொழில்களை மதிப்பிடுவது அவுஸ்திரேலியக் கணினிச் சங்கம். அவர்கள் பார்ப்பது பட்டத்தையும், வேலை கொடுத்தவர் எழுதிய கடிதத்தையும். "நன்னடத்தையுள்ள ஊழியர்" என்ற இரண்டு வரிக் கடிதம் உதவாது. கம்பனியின் தலைப்புத் தாளில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை செய்தார் என்று விவரமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு 20 மணிக்குக் குறைந்த வேலை கணக்கில் வராது. பட்டமும் தொழிலும் நன்கு பொருந்தினாலும் பொதுவாக இரண்டு வருட அனுபவத்தைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சேர்ப்பார்கள்.

நமக்கான செய்தி இதுதான். புள்ளி முறை விசாவுக்குக் கணவர் விண்ணப்பிக்கும்போது, மனைவி 45 வயதுக்குட்பட்டவராய், போதிய ஆங்கிலமும், பட்டியலிலுள்ள தொழிலில் சாதகமான மதிப்பீடும் பெற்றிருந்தால் 10 புள்ளி கூடும். விண்ணப்பிக்கவே குறைந்தது 65 வேண்டும். அழைப்பு வருவதோ பெரும்பாலும் அதற்கும் மேலே. அப்படியிருக்க, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்ட மனைவியைப் படிவத்தில் வெறும் "வீட்டுப் பணி" என்று எழுதிவிடுகிற கணவர்கள் இருக்கிறார்கள்! அவள் உழைத்த வருடங்கள் எங்கே போயின?

இன்னொன்று பெயர். பிறப்புச் சான்றிதழில் பாத்தும்மா, பரீட்சைச் சான்றிதழில் பாத்திமா, கடவுச்சீட்டில் ஃபாத்திமா. நமக்கு ஒரே பிள்ளை. அங்கே மூன்று பேர். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, தமிழ், சிங்களப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் பட்டம் இல்லாதவர்களும் நீண்ட அனுபவத்தைக் காட்டி, செய்த வேலைகளைப் பற்றி இரண்டு அறிக்கை எழுதி விண்ணப்பிக்கலாம். அதைக் காசுக்கு எழுதிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. வேண்டாம். இரவல் வரிகளைக் கண்டுபிடித்து நிராகரித்துவிடுவார்கள். பிடிபடாவிட்டாலும் பொய் பொய்தானே.

1990 அக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நம்மவருக்குத் தாளின் அருமை தெரியும். தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பதிவாளர் கந்தோர் உண்டு. பெறுபேறுகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் உண்டு. மூடிப்போன கம்பனியின் கடிதத்துக்கு யாரிடம் போவது? கூட வேலை செய்தவரின் சத்தியக் கடதாசி, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டியதுதான்.

உம்மாவின் பையை இருவருமாகப் பிரித்துப் பார்த்தோம். பட்டம் இருந்தது, பாராட்டுப் பத்திரம்கூட இருந்தது. கடிதம் ஒன்றுகூட இல்லை. படகு வந்து கட்டுவதற்குள் போனை எடுத்துவிட்டார். "மகள், நீ முதல்ல வேலை செஞ்ச இடம் இன்னும் இருக்கா?"