கடலின் மீது ஏற்றப்படும் பழி

கடலோரக் கப்பல் திட்டமொன்று முடங்கும்போதெல்லாம் ‘ஓதத்தால் தடைப்பட்டது’, ‘ஆழக்குறைவால் நின்றது’ என்றே எழுதுகிறோம். மூன்றாம் வேற்றுமை உருபான ‘ஆல்’ கருவியையும் கருத்தாவையும் உணர்த்துவது. இங்கோ அது பழியையும் சுமக்கிறது. வாக்கியத்தில் கடல் இருக்கிறது, திட்டமிட்டவர் இல்லை.

குஜராத்தின் கம்பாத் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். 300 கி.மீ.க்கு மேற்பட்ட சாலைப் பயணத்தை ஏறத்தாழ 30 கி.மீ. கடற்பயணமாகச் சுருக்கும் நோக்குடன் கோகா–தஹேஜ் படகுச் சேவை 2017 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு வாகனங்களையும் ஏற்றிச் சென்றது. தஹேஜ் துறையில் வண்டல் படிந்து ஆழம் போதாமற்போனதால் 2019இல் நின்றது. 2020 நவம்பரில் கோகா–ஹசீரா என வழித்தடமே மாறியது.

இதில் எது எதிர்பாராதது? இவ்வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்குமான வேறுபாடு 10 மீட்டரையும் தாண்டும். வண்டலைச் சுமந்து நர்மதை கடலில் கலப்பது தஹேஜுக்கு அருகில்தான். பெரிப்ளூஸ் எனப்படும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல், இதே கழிமுகத்தின் மணல்திட்டுகளையும் ஓத வேகத்தையும் விவரிக்கிறது. பாரிகாசா, அதாவது இன்றைய பரூச், நோக்கி வரும் கலங்களை அரசின் பணியிலிருந்த உள்ளூர் மீனவர்கள் எதிர்கொண்டு வழிநடத்தினர் என்றும், ஏற்றத்தில் நகர்ந்து வற்றத்தில் குறித்த இடங்களில் நங்கூரமிட்டுக் காத்திருந்தனர் என்றும் அந்நூல் கூறுகிறது. அவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தாமதமன்று. பயணத்தின் ஒரு பகுதி.

மொழிகளும் இதையே சொல்கின்றன. குஜராத்தியில் ‘பரதி–ஓட்’, வங்காளத்தில் ‘ஜோயார்–பாட்டா’, மலையாளத்தில் ‘வேலியேற்றம்–வேலியிறக்கம்’, தமிழில் ‘ஏற்றம்–வற்றம்’. எல்லாம் இணைச்சொற்கள். ஒன்று வந்தால் மற்றது வரும் என்னும் உறுதியிலிருந்து பிறந்தவை. நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிவரும் ஓதத்தை மாறாத கடிகார அட்டவணைக்குள் அடைத்தால் பிழைப்பது கடல் அன்று.

தூர்வாரினால் போதாதா என்று கேட்கலாம். தூர்வாருதல் தேவைதான். ஆனால் ஒவ்வோர் ஏற்றமும் வண்டலைத் திரும்பக் கொணரும் இடத்தில் அது ஒருமுறைச் செலவன்று, ஓயாத கடமை. அக்கடமையை யார், எவ்வளவு காலம், எந்த நிதியில் ஏற்பது என்பது தொடக்கவிழாவுக்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். பயண நேரங்கள் ஓதக் கணிப்பை ஒட்டி மாதந்தோறும் அறிவிக்கப்பட வேண்டும். துறையின் ஆழ அளவீடுகள் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சேவை நின்றால், சூரத்தின் வைரப் பட்டறைகளில் உழைக்கும் சௌராட்டிரத் தொழிலாளர்களுக்கு மீண்டும் நெடுஞ்சாலைதான் கதி. செலவான பொதுப்பணத்துக்கோ யாரும் கணக்குக் காட்டுவதில்லை. கடலைக் கருத்தாவாக்கும் வாக்கியம் அந்தக் கேள்வியை எழாமலே செய்துவிடுகிறது. ‘ஓதத்தால் நின்றது’ என்று எழுதுவதற்குப் பதிலாக ‘ஓதத்தைக் கணக்கிற்கொள்ளாததால் நின்றது’ என்று எழுதிப் பார்ப்போம். கணக்கிற்கொள்ளாதவர் யார் என்று அடுத்த வாக்கியம் சொல்லியே ஆகவேண்டும்.