ரோகுமெய்கானை இடித்திருக்க வேண்டாம்

1883இல் டோக்கியோவில் திறக்கப்பட்ட ரோகுமெய்கான் விருந்து மாளிகை, ஜப்பான் நாகரிக நாடுதான் என்று மேலை நாட்டவருக்குக் காட்ட எழுப்பப்பட்டது. வடிவமைத்தவர் ஆங்கிலேயர் ஜோசையா காண்டர். முன்னின்றவர் வெளியுறவு அமைச்சர் இனோயுவே கவோரு. அன்றைய ஒப்பந்தங்களின்படி வெளிநாட்டவரை ஜப்பானிய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது; சுங்கவரியையும் நாடு தன் விருப்பப்படி உயர்த்த முடியாது. அந்தத் தளையை அறுக்கத்தான் பெண்கள் கவுன் அணிந்து நடனம் பயின்றார்கள். எத்தனை கூச்சமும் வேதனையும் அதில் இருந்திருக்கும்!

முயற்சி தோற்றது. 1887இல் இனோயுவே பதவி விலகினார். மாளிகை பிரபுக்களின் சங்கத்துக்குக் கைமாறி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இடிக்கப்பட்டது.

அது பெரும் தவறு. அந்நியரைப் போலி செய்த அவமானச் சின்னம் என்று பலர் அதை வெறுத்தது உண்மைதான். ஆனால், சமமற்ற ஒப்பந்தங்கள் ஒரு நாட்டை என்னவெல்லாம் செய்யவைத்தன என்பதற்கு அதைவிடக் கண்கூடான சாட்சி வேறில்லை.

அந்த இழப்புக்கு வருந்திய கட்டடக் கலைஞர் தனிகுச்சி யோஷிரோவின் முயற்சியால், பழைய கட்டடங்களைப் பெயர்த்துவந்து காக்கும் மெய்ஜி முரா 1965இல் திறக்கப்பட்டது. அதன் பிறகும் காண்டரின் 1894ஆம் ஆண்டு மிட்சுபிஷி கட்டடம் 1968இல் இடிக்கப்பட்டது. இன்று அதே இடத்தில் நிற்கும் அருங்காட்சியகம், மூலத்தைப் பார்த்துப் புதிதாகக் கட்டிய நகல்.