காகமும் பனம்பழமும்

நோய்க்கு மருந்து கண்டுவிட்டால் நோய் ஒழிந்தது என எண்ணுவது மனித இயல்பு. சயரோகத்தின் வரலாறோ அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்து வருகின்றது. 1882 ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் றொபேட் கொக் என்னும் அறிஞர் இந்நோய்க்குரிய கிருமியை உலகுக்கு அறிவித்தார். 1943 இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும், அம்மருந்தைத் தனியே கொடுத்தபோது, சில மாதங்களுக்குள் அதற்கு அடங்காத கிருமிகள் தலையெடுத்தன. 2023 ஆம் ஆண்டில் இந்நோயால் மாண்டோர் தொகை ஏறத்தாழ 12½ இலட்சம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

கிருமி மருந்துக்கு அடங்காமற் போவது எங்ஙனம்? உயிர்களின் அமைப்பு டீ.என்.ஏ. என்னும் இழையில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கின்றது. சயரோகக் கிருமியின் ஏட்டில் ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துக்கள் உள. 1998 இல் அவை வாசித்து வெளியிடப்பட்டன. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழை போல, கிருமி பெருகுங்கால் எழுத்தொன்று மாறிவிடுவதுண்டு. இதனை விகாரம் என்பர். மருந்து பற்றும் இடம் இவ்வாறு உருமாறின், மற்றைய கிருமிகள் மடிய, மாறியது மட்டும் தப்பிப் பெருகும்.

எம்மருந்து பலிக்கும் என்றறியக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. அதற்குப் பல வாரங்கள் செல்லும். 2010 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட விரைவுச் சோதனை இரண்டு மணித்தியாலத்தில் விடை தந்தது. ஆனால், றிபாம்பிசின் மருந்தைப் பொறுத்தவரை அது நோக்கியது 81 எழுத்துக்கள் கொண்ட சிறு பகுதியையே. ஆபிரிக்காவின் எஸ்வாத்தினி நாட்டில் 2009 இல் திரட்டிய கிருமிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, பல மருந்துகளுக்கு அடங்காதவற்றுள் நூற்றுக்கு 30 வீதமானவற்றின் விகாரம் அப்பகுதிக்கு வெளியே இருந்தமை தெரியவந்தது. அத்தகைய நோயாளிக்குச் சோதனை நற்செய்தி கூறும், மருந்தோ பலிக்காது.

ஆகவே முழு ஏட்டையும் வாசித்தல் வேண்டும். மனிதக் கண்ணுக்கு எட்டாத இவ்வேலையிற் கணினி துணை நிற்கின்றது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் தலைமையில் இயங்கிய கிறிப்டிக் குழுவினர், 23 நாடுகளிலிருந்து 12,289 மாதிரிகளைத் திரட்டி, 13 மருந்துகளோடு சோதித்து, அவற்றின் எழுத்துக்களையும் வாசித்து 2022 இல் வெளியிட்டனர். வினாவும் விடையும் சேர்ந்த இத்தகைய பயிற்சியேட்டைக் கற்ற கணினி, புதிய கிருமியின் எழுத்துக்களைக் கண்டதும் எம்மருந்து பலிக்காது என ஊகித்துரைக்கும்.

இங்கே ஓர் இடர் உண்டு. சயரோகத்துக்கு மருந்துகள் பல சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. அதனால் றிபாம்பிசினுக்கு அடங்காத கிருமி பெரும்பாலும் ஐசோனயசிட்டுக்கும் அடங்குவதில்லை. இரண்டும் ஒருங்கே வரக் கண்ட கணினி, ஒன்றுக்குக் காரணமான விகாரத்தை மற்றதற்கும் காரணமெனக் கொள்ளக்கூடும். காகம் இருக்கப் பனம்பழம் விழ, காகமே வீழ்த்தியது என்பது போன்றதே இது. இம்மயக்கத்தை நீக்க, ஐயத்துக்குரிய விகாரத்தை மட்டும் மருந்துக்கு அடங்கும் கிருமியிற் புகுத்தி, அது அடங்காததாகின்றதா என ஆய்வுகூடத்திற் பார்த்தல் வேண்டும்.

மாணவர்கள் இதனை மனத்திருத்துவாராக. உடனிருப்பது வேறு, காரணமாயிருப்பது வேறு. முன்னையதைக் கணினி நம்மினும் விரைவாகக் காட்டும். பின்னையதை நிறுவுதல் மனிதன் கடன். அக்கடனில் வழுவினால், பலனளிக்கக்கூடிய மருந்தொன்று நோயாளிக்கு மறுக்கப்படும். பலிக்காத மருந்தொன்றை அவர் மாதக்கணக்கில் உண்ண நேரும்.