பிச்சாவரம்: படகு, எம்.ஜி.ஆர், அப்புறம்?

பிச்சாவரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது ரொம்பச் சுலபம் மக்களே. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போக வேண்டும் என்று ஒரு வரி. 1975-ல் ‘இதயக்கனி’, 2008-ல் ‘தசாவதாரம்’ இங்கேதான் எடுத்தார்கள் என்று ஒரு வரி. படகு, தலைக்கு மேல் கவிந்த கிளைகள், ‘மனதை மயக்கும்’ என்று ஆரம்பிக்கிற ஏதாவது ஒன்று. கடைசியில் ‘உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு’. முடிந்தது. இதற்கு பஸ் ஏற வேண்டிய அவசியமே இல்லை. நிறைய பேர் ஏறுவதும் இல்லை போலிருக்கிறது :-)

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் பார்ப்போம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பிச்சாவரத்துக்குக் கொடுக்கப்பட்ட பரப்பு சுமார் 1,479 ஹெக்டேர். இந்தியா, வங்கதேசம் இரண்டிலும் பரவியிருக்கும் சுந்தரவனம் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர், அதாவது 10 லட்சம் ஹெக்டேர். வகுத்தால் 600 மடங்குக்கு மேல் வருகிறது. நடுவில் ஒடிசாவின் பிதர்கனிகா இருக்கிறது, ஆந்திராவின் கோரிங்கா இருக்கிறது. இந்தோனேசியா, பிரேசில், நைஜீரியா எல்லாம் எங்கே போயின? அவ்வளவு தூரம் எதற்கு, நம்ம முத்துப்பேட்டையே காயலும் சேற்றுத் திட்டும் சேர்த்து சுமார் 12,000 ஹெக்டேர். தமிழ்நாட்டிலேயே முதலிடம் இல்லாத காட்டுக்கு உலகத்தில் இரண்டாம் இடம்! இதைச் சரிபார்க்க ஒரு கால்குலேட்டர் போதும். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட்டு, அதை மூன்றாமவர் எடுத்துப் போட்டு, இப்போது அது ‘எல்லாருக்கும் தெரிந்த உண்மை’ ஆகிவிட்டது.

பொய் சொன்னதை விடுங்கள். சொல்லாமல் விட்டதுதான் பெரிய குற்றம்.

அந்தக் கால்வாய்களில் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, படகு இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்று சேற்றைத் துழாவி, கிடைத்ததைப் பறியில் போட வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. சுற்றுலாப் படகு அவர்களைத் தாண்டித்தான் போகிறது. போட்டோ ஓரத்தில் ஒரு தலை தெரிந்தால் அதை வெட்டிவிட்டுத்தான் பத்திரிகையில் போடுவார்கள். அழகு கெட்டுவிடுமாம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஊரெல்லாம் கேமராவாக இருந்தது. அலையாத்திக் காடு பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது என்று உலகமே எழுதியது. எம்.ஜி.ஆர் படப்பிடிப்பு தெரிந்த எத்தனை பேருக்கு, காட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த எம்.ஜி.ஆர் திட்டு என்ற மீனவக் குடியிருப்பு அன்றைக்குச் சிதைந்து போனது தெரியும்? நிவாரணத்தை மீனவர் கணக்கில் பிரித்தபோது, அந்தக் கணக்கிலேயே இல்லாத இருளர்கள் என்ன ஆனார்கள்? அன்றாடம் மீன் பிடிக்கிறவன் மீனவன் இல்லையா என்ற கேள்வி எவ்வளவு பெரிய சமூகக் கட்டுரை! அதை எழுத ஒரு வாரம் அங்கே தங்க வேண்டும். அலை போனதும் கேமராவும் போய்விட்டது.

சரி, யார் தங்குவார்கள்? இங்கேதான் ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர் வருகிறார்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், சம்பள நிருபர் நிலையான செலவு, ஃப்ரீலான்ஸ் நிருபர் மாறும் செலவு. கட்டுரை வந்தால் பணம், வராவிட்டால் ஒன்றும் இல்லை. முதலாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா? சென்னையிலிருந்து பஸ், சிதம்பரத்தில் லாட்ஜ், ஓதம் சரியில்லாமல் சும்மா உட்கார்ந்த இரண்டு நாள், பேசக் கூச்சப்பட்ட மனிதர் வாய் திறக்கும் வரை காத்திருந்த மூன்று நாள், எல்லாம் எழுதுகிறவர் தலையில். பத்திரிகை கொடுப்பது அச்சான சொற்களுக்கு மட்டும். காத்திருந்த நாளுக்கு பில் போட முடியாது. 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும், 2011-ல் அறிவிக்கப்பட்ட மஜீதியா ஊதியக் குழுவும் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களுக்கானவையாகத்தான் இருந்தன. இவர் யாரிடமும் வேலையில் இல்லையே! ஊரிலேயே இருக்கும் பகுதி நேர நிருபர் எழுதலாமே என்றால், அவரிடம் செய்தியை விட விளம்பரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி.

இத்தனைக்கும் நடுவில் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கடலூர் சிப்காட்டில் நாற்றம் தாங்காமல் தவித்த கிராமத்து மக்கள் 2004-ல் பக்கெட் வைத்துத் தாங்களே காற்றை மாதிரி எடுத்தார்கள் இல்லையா, அந்த விவகாரத்தை விடாமல் எழுதியவர் நித்தியானந்த் ஜெயராமன். எந்தப் பத்திரிகையின் ஊழியராகவும் அல்ல, சுதந்திரப் பத்திரிகையாளராக.

இன்னொருவர் அபர்ணா கார்த்திகேயன். அவரும் சுதந்திரப் பத்திரிகையாளர்தான். தமிழ்நாட்டில் மறைந்துகொண்டிருக்கும் பிழைப்புகளைப் பற்றி ஊர் ஊராகப் போய் எழுதி, 2019-ல் ‘நைன் ருபீஸ் ஆன் அவர்’ என்று புத்தகம் போட்டார். தலைப்பே மணிக்கு ஒன்பது ரூபாய்! சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பரி’ இணையதளத்தில் கும்பகோணம் பக்கத்து நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நாதஸ்வரம் என்றால் நம்மவர்கள் ‘மங்கல வாத்தியம்’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு வித்வான் பேட்டிக்குப் போய்விடுவார்கள். ஆச்சா மரத்தைக் கடைந்து அதைச் செய்கிற ஆள் யார், அடுத்த தலைமுறை செய்யுமா என்று போய்க் கேட்டவர் இவர்.

ஆனால் இவர் எழுதியது ஆங்கிலத்தில். ‘பரி’ புண்ணியத்தில் அங்கே வருகிறவை தமிழிலும் படிக்கக் கிடைக்கின்றன, சரி. தமிழனின் பிழைப்பைத் தமிழன் மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டியிருப்பது வெட்கமாக இல்லையா? லட்சக்கணக்கில் விற்கும் தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு நிருபரை ஒரு வாரம் கிள்ளையில் தங்க வைக்க முடியாத அளவுக்கு ஏழைகளா?

‘இப்போதுதான் யூடியூப் இருக்கே, ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்களே’ என்பார்கள். போய்ப் பாருங்கள். அதே படகு, அதே எம்.ஜி.ஆர், அதே இரண்டாவது பெரிய காடு. கூடவே டிரோன். இன்னும் உயரத்துக்குப் போனதில், தண்ணீரில் நிற்கிறவர் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இந்தக் காட்டில்தான் இன்னும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல். அந்தக் காட்டுக்குள் தினமும் போய் வருகிறவர்களுக்கு அதைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்கும்! கேட்கப் போகிறவருக்குப் பஸ் காசாவது முன்பணமாகக் கொடுங்கள் ஆசிரியர்களே.

காணும் பொங்கல் வந்தால் மறுபடியும் அந்தக் கட்டுரை வரும். கையில் கிடைத்ததும் ‘இரண்டாவது பெரிய’ என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். இருந்தால் மேலே உள்ள கணக்கை ஒரு தபால் அட்டையில் எழுதி அந்தப் பத்திரிகைக்குப் போட்டுவிடுங்கள்.