வரிசை எண்ணா வீரரின் மதிப்பு?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய ஆண்டில் மிகவும் பின்தங்கிய அணிக்கே முதல் உரிமை. இது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதது இரசிகர்களின் வாதம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் 'குவார்ட்டர்பேக்' கிடைப்பதானால் எதையும் கொடுக்கலாம் என்பார்கள். அவர் சோபிக்காவிட்டால் அவரையே ஏசுவார்கள்.

2021இல் சான் பிரான்சிஸ்கோ அணி, மூன்று ஆண்டுகளின் முதற்சுற்று உரிமைகளைக் கொடுத்து மூன்றாம் இடத்தைப் பெற்று, டிரே லான்ஸ் என்ற இளைஞரை எடுத்தது. மறு ஆண்டு, எல்லாருக்கும் கடைசியாக, 262ஆவது ஆளாக பிராக் பர்டியை எடுத்தது. கடைசி ஆளுக்கு அங்கே 'பொருட்படுத்த வேண்டாதவர்' என்று கேலிப்பட்டம் வேறு! (வரிசை எண்ணால் எடை போடப்படுவது எப்படியிருக்கும் என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குத் தெரியாதா?) 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் அணியை இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்றவர் அந்தப் பர்டிதான்.

1998இல் முதலாவதாக எடுக்கப்பட்ட பெய்டன் மானிங் பெரும் புகழ் பெற்றார், அதை மறுக்கவில்லை. ஆனால் லான்ஸ் என்ன பிழை செய்தார்? விலையைப் பேசியது அணி நிர்வாகம். 2022இல், பருவத்தின் இரண்டாம் ஆட்டத்திலேயே அவருடைய கணுக்கால் முறிந்தது. மறு ஆண்டு நான்காம் சுற்று உரிமை ஒன்றுக்காக டல்லாஸ் அணிக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 23.