சட்டக் கல்லூரி வாசலும் நம் வகுப்பறையும்

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபொழுது, தமிழின் தொன்மை பற்றியோ இலக்கியச் சுவை பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! ஆயின், யான் இங்கு எழுதப் புகுவது சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பற்றி. யான் சட்டம் பயின்றவனல்லன்; ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்றுத் தராதரப் பத்திரத்தோடு வெளிவந்த ஓர் ஆசிரியன். இப்பொருள் பற்றிப் பேச இவனுக்கு என்ன உரிமை என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் மாணவன் ஒருவனின் பாட்டனார்க்குத் துணையாக நீதிமன்றம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கரைவலைப் பாடு ஒன்றின் உரிமை பற்றிய வழக்கு அது. நாற்பது ஆண்டுகள் கடலோடு வாழ்ந்த அம்முதியவர், வெள்ளை வேட்டியும் தோளிற் சால்வையுமாகக் கைகட்டி நின்றார். விசாரணை சிங்களத்தில் நடந்தது. பெயர் அழைக்கப்பட்டதும் தலையசைத்தார். அதன்பின் எது கேட்கப்பட்டபோதும் தலையசைத்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பஸ்ஸிலேறி அமர்ந்த பின்னர் என் பக்கம் திரும்பி, “மாஸ்டர், நாங்க வென்றோமா, தோற்றோமா?” என்று கேட்டார். உண்மையில் வழக்கிற்கு அன்று தவணை மட்டுமே இடப்பட்டிருந்தது. அதனைக்கூட நான் இன்னொருவரிடம் கேட்டறிந்துதான் அவருக்குச் சொல்ல நேர்ந்தது.

சட்டம் அவரைக் கைவிட்டதென்று கூறல் பொருந்தாது. நம் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, தமிழ் நிருவாக மொழியாகவுள்ள பகுதிகளுக்கு வெளியே நீதிமன்றங்களின் மொழி சிங்களமாகும். எனினும், வழக்காளி எவரும் தமிழிற் பங்கு கொள்ளலாம். மொழி விளங்காதவர்க்கு மொழிபெயர்ப்பு அளிப்பது அரசின் கடமை என்றும் அதே உறுப்புரை கூறுகின்றது. 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தம் இவ்வுரிமையைத் தெளிவுறுத்தியது. உரிமை ஏட்டில் இருந்தது. அதனைக் கேட்டுப் பெறத் தெரிந்த ஒருவர்தாம் அன்று அம்முதியவரின் பக்கத்தில் இல்லை. புத்தளம் முதல் சிலாபம் வரையுள்ள இக்கரையில் தமிழறிந்த சட்டத்தரணி ஒருவர் ஆற்றக்கூடிய தொண்டு எத்தகையது என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

இக்கரை அத்தகையோரைப் பெற்றறியாத கரையன்று. 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தில் மணியகாரராய் விளங்கி, சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்து, பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாக அமர்ந்தார். 1834இல் இலங்கை பற்றிய அகராதி நூலொன்றையும், 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ எனும் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவரும் அவரே. தமிழைக் கற்றமையால் அவருக்கு நீதியாசனம் தூரமாகிவிடவில்லை. பிறமொழி கற்றமையால் தமிழ் அந்நியமாகிவிடவுமில்லை. இதனை நம் மாணவர் கருத்திற் கொள்க.

இனித் தேர்வுக்கு வருவோம். கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி 1874இல் தோன்றியது. முற்காலத்தில் அப்புக்காத்தர் என்றும் பிரக்கிராசியார் என்றும் இருவகையினராய் இருந்தோர், 1974 முதல் சட்டத்தரணி என்னும் ஒரே பெயராற் சுட்டப்படலாயினர். சட்டப் பட்டம் பெற்றவர்கள் நுழைவுத் தேர்வின்றி அக்கல்லூரியிற் சேரலாம். க.பொ.த. உயர்தரத்தோடு நேரே செல்ல விரும்புவோர்க்கு நுழைவுத் தேர்வே வாசல். ஒன்று மொழித் தாள். மற்றொன்று பொது அறிவும் பொது விவேகமும் பற்றிய தாள். இடமோ சிலருக்கே, எழுதுவோரோ பலர்.

நம் பிள்ளைகள் இதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்கின்றனர்? உயர்தரப் பெறுபேறு வந்த பின்னரே பெரும்பாலோர்க்கு இத்தேர்வின் நினைவு வருகின்றது. பின்னர் இரண்டு மூன்று மாதங்கள் ஏதேனுமொரு தனியார் வகுப்பில் அச்சிட்ட குறிப்புகளை வாங்கி, நாடுகளின் தலைநகரங்களையும், பரிசு பெற்றோர் பெயர்களையும், ஆண்டுகளையும் நெட்டுருச் செய்கின்றனர். பொது அறிவு வேண்டாமென்று நான் சொல்லேன். ஆனால் வாசல் அடைபடுவது பெரும்பாலும் அங்கே அன்று. மொழித் தாளிலும் விவேக வினாக்களிலுமே.

தமிழில் ‘ஏ’ சித்தி பெற்ற என் மாணவன் ஒருவன் இத்தேர்வில் தவறினான். அவனுக்கு ஆறுதல் கூறச் சென்ற எனக்கு அவன் ஒரு பாடம் கற்பித்தான். “சேர், தந்த பந்தியை வாசித்தேன், விளங்கினது மாதிரித்தான் இருந்தது. ஆனால் எழுதினவர் சொல்லாததையும் நானே சேர்த்து விடை எழுதிப்போட்டேன்” என்றான். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. ஏனெனில், பதினொரு ஆண்டுப் பள்ளி வாழ்வில் அவனுக்கு மாதிரிக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்தவன் நான். முன்னுரையும் முடிவுரையும் சொல்லிக் கொடுத்தேன்; மேற்கோள்களைப் பாடமாக்கச் செய்தேன். ஒரு பந்தியை வைத்துக்கொண்டு, ‘இதில் என்ன சொல்லப்படுகின்றது? அதற்கு என்ன காரணம் காட்டப்படுகின்றது? இதிலிருந்து எது பெறப்படாது?’ என்று ஒருநாளும் கேட்டேனல்லேன். இப்பொருள் பற்றிப் பேச எனக்குள்ள உரிமை இதுவே: அவனது தோல்வியிற் பாதி என்னுடையது.

உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய தேர்வுகள் செல்லும் திசை நோக்கத்தக்கது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்குரிய பொது நுழைவுத் தேர்வு 1948இல் ஆரம்பமாயிற்று. அதில் நெடுங்காலம் இடம்பெற்ற புதிர்க் கணக்குப் பகுதி 2024 ஓகஸ்டில் நீக்கப்பட்டது; வாசித்து விளங்குதலும் வாதத்தை ஆராய்தலுமே தெரிவுவினாப் பகுதிகளாக எஞ்சின. இந்தியாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கென 2008இல் தொடங்கிய ‘கிளாட்’ தேர்வு, 2020 முதல் நீண்ட பந்திகளைத் தந்து அவற்றின்மேல் வினாவும் முறைக்கு மாறிற்று. மனனத்தின் இடம் குறைந்து வாசிப்பின் இடம் பெருகுகின்றது. சட்டத்தரணியின் நாளாந்தத் தொழில் வாசித்தலும் பிரித்தறிதலும் எடுத்துரைத்தலுமாதலின் இஃது இயல்பே.

இப்பயிற்சிக்குத் தமிழில் இடமில்லையெனச் சிலர் எண்ணுவர். அது பெருந்தவறு. திருக்குறளின் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை அவல இலக்கியமாக மட்டும் படிப்பித்து நகர்ந்துவிடுகின்றோம். அதனை ஒரு வழக்காக வைத்துப் பாருங்கள். கள்வனைக் கொல்லுதல் அரச நீதி என்று மன்னன் ஒரு பொதுவிதியைக் கூறுகின்றான். கண்ணகி அவ்விதியோடு வாதிடவில்லை. என் கணவன் அவ்விதியின்கீழ் வரமாட்டான் என்பதற்குச் சான்று காட்டுகின்றாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். எம் சிலம்பின் பரல் முத்து என்கின்றான் மன்னன். சிலம்பு உடைகின்றது, மாணிக்கம் தெறிக்கின்றது, வழக்கு முடிகின்றது. விதி ஒன்று, நிகழ்ந்தது ஒன்று, இரண்டும் பொருந்துமா என்பது ஒன்று. இம்மூன்றையும் பிரித்தறியக் கற்ற மாணவன் எந்த விவேக வினாவுக்கும் அஞ்சான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாரத்திற்கு ஒரு பாடவேளை, ஒரு பந்தி, மூன்று வினா, மூன்றிலொரு பங்காகச் சுருக்கம்: இவ்வளவே நான் வேண்டும் ஆயத்தம். கடந்த மூன்று தவணைகளாக என் வகுப்பில் இதனைச் செய்து வருகின்றேன்.

தமிழ் மட்டும் போதுமா என்று வினவலாம். போதாது. 2020 டிசம்பரில் வெளியான விதியொன்று சட்டக் கல்லூரியின் கற்பித்தலையும் தேர்வையும் ஆங்கிலத்துக்கு மட்டுமே உரியனவாக்க முற்பட்டது. அவ்விதி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டபொழுது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அம்மகிழ்ச்சி நம்மை உறங்கச் செய்யலாகாது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தியின்றி அவ்வாசலை அணுகவும் இயலாது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுதிகள் ஆங்கிலத்தில் உள்ளன; நம் கரையின் நீதிமன்றங்களிற் சிங்களம் வழங்குகின்றது. தேர்வைத் தமிழில் எழுதுக. ஆயின் தொழிலை மும்மொழியிலும் நடத்தும் வல்லமையைத் தேடுக. தாய்மொழியில் ஒரு வாதத்தைப் பிரித்தறியப் பழகியவனுக்கு ஏனை மொழிகளில் அதே வேலை பாதி எளிது.

எல்லோரும் சட்டத்தரணியாக வேண்டுமா என்பாரும் உளர். வேண்டா. ஆனால் படகுக்கும் வலைக்கும் அனுமதிப்பத்திரம், காணிக்கு உறுதி, கடனுக்குப் பிணை என்று எழுத்திலே சிக்காத வாழ்வு இன்று எவருக்கும் இல்லை. ஒப்பமிடுமுன் வாசித்து விளங்கும் பழக்கம் கடலுக்குச் செல்பவனுக்கும் காவலே.

பழைய மாணவ அன்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விழாவை முன்னிட்டு வளைவும் கேடயமும் நீங்கள் தரக்கூடும். அவற்றை நன்றியோடு ஏற்போம். அவற்றினும் மேலாக, உங்களுட் சட்டத்துறையில் உள்ளோர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து நம் மாணவரோடு இரண்டு மணி நேரம் அமருங்கள். தமிழ், ஆங்கில, சிங்களத் தினசரி ஒவ்வொன்று நாள்தோறும் நூலகத்துக்கு வர வழி செய்யுங்கள். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதிகள் சிலவற்றை வாங்கித் தாருங்கள். தேர்வுக்காகக் கொழும்பு செல்லும் பிள்ளைக்கு முதல்நாளிரவு தங்க ஒரு கூரை கொடுங்கள். விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே சென்று தேர்வு எழுதியவர்களை நான் அறிவேன்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் இன்றே தொடங்குங்கள். நாளிதழின் ஆசிரியத் தலையங்கத்தை எடுத்து, அதில் எது செய்தி, எது கருத்து, எது காரணம் என்று கோடிட்டுப் பாருங்கள். அதற்குக் கட்டணமில்லை, கொழும்புக்குச் செல்லவும் தேவையில்லை.

என்னோடு பஸ்ஸில் வந்த அம்முதியவர் இன்று இல்லை. அவ்வழக்கு அவர் மறைவுக்குப் பின்னரே தீர்ந்தது. அவர் கேட்ட வினா மட்டும் என்னிடத்தில் இன்னும் இருக்கின்றது. அதற்கு அந்நீதிமன்ற வாசலிலேயே, அவர் மொழியிலேயே விடை சொல்லக்கூடிய ஒருவரை நம் கல்லூரி அனுப்பி வைக்குமாயின், அடுத்த விழா மலரில் தமிழின் தொன்மை பற்றி மகிழ்ந்து எழுதுவேன்.