"ஏஜெண்ட் பாத்துக்குவாரு" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது முழுசாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு, "சார் வெளிநாடு போறதையே வேணாங்கிறாரு" என்று குடும்பக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நம்முடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பாத வருஷங்கள்தான் அதிகம். தறிக்கூலியும் சீமைக்கருவேலங்கரியும் ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டுக் காசில் எழுந்த வீடுகளையும், அந்தக் காசில் படித்த தங்கச்சிகளையும் நானும் பார்த்திருக்கிறேன். போகட்டும். எப்படிப் போகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்கலாம்: "மெடிக்கல், போலீஸ் சர்டிபிகேட் எல்லாம் ஏஜெண்ட் பாத்துக்குவாரு. நாம பணத்தக் கட்டுனாப் போதும்." இந்தப் பேச்சு நம் பக்கத்தில் தின்ற நகைக்கும் நிலத்துக்கும் கணக்கில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் நெஞ்சு எக்ஸ்ரேயை, உங்கள் ரத்தத்தை, உங்கள் பேரை. அதை எப்படி இன்னொருவர் பார்த்துக்கொள்வார்?

நமக்கு இது புதிதும் இல்லை. இந்தப் பக்கம் பழைய ராமநாதபுரம் ஜில்லாவாக இருந்த காலத்திலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் சனம் போனது. இலங்கைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைத்து, காலராவும் பிளேக்கும் இல்லை என்று பார்த்த பிறகுதான் கடல் தாண்ட விட்டார்கள். கூட்டிக்கொண்டு போனவர் கங்காணி. வழிச்செலவு, சாப்பாடு, முன்பணம் எல்லாம் கூலியின் பேரில் கடனாக ஏறியது. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பேர். துண்டில் இருந்த கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். நூறு வருஷம் போய்விட்டது. சோதனையும் இருக்கிறது, கங்காணியும் இருக்கிறார், கடனும் இருக்கிறது. அன்று போனவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இன்று போகிற பிள்ளையின் பையில் டிகிரி சர்டிபிகேட் இருக்கிறது. ஆனாலும், "அவர் பாத்துக்குவாரு."

முதலில் மெடிக்கல்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், அந்நாடுகள் அங்கீகரித்த மையத்தில்தான் உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முன்பு 'காம்கா' என்றோம், இப்போது 'வாஃபித்' என்ற இணையதளத்தில் பதிவு. சென்னை, திருச்சி போன்ற ஊர்களில் மையங்கள் இருக்கின்றன. நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி மற்றும் சி, பால்வினை நோய் பார்ப்பார்கள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. முடிவு ஒரே சொல்லில் வரும்: 'ஃபிட்' அல்லது 'அன்ஃபிட்'.

இதில் நம் ஆட்களை அதிகம் கவிழ்ப்பது காசநோய்த் தழும்பு. எப்போதோ டி.பி. வந்து, மருந்து சாப்பிட்டு, முழுசாகக் குணமாகியிருக்கும். ஆனாலும் நுரையீரலில் தழும்பு நிற்கும். எக்ஸ்ரேயில் அது தெரிந்தால் வளைகுடா விதிப்படி அன்ஃபிட்தான். கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து மாதிரி நாடுகளில் சந்தேகம் இருந்தால் சளியைச் சோதித்து, நோய் இருந்தால் சிகிச்சை முடித்து வரச் சொல்வார்கள். வழி அங்கே அடைபடுவதில்லை. வளைகுடாவில் அடைபடுகிறது. அந்த விதி நியாயமா என்று கேட்டால், குணமான மனிதனை அவன் தழும்புக்காகத் தள்ளுவது நியாயமில்லை என்பதே என் பதில். ஆனால் அந்த விதியை நாம் மாற்ற முடியாது. கடன் வாங்குவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ள முடியும்.

நம் ஊரில் நடப்பது தலைகீழ். திருச்சுழிப் பக்கம் ஒரு குடும்பம். பேர் வேண்டாம். அம்மாவின் நகையை அடகு வைத்து, வட்டிக்கும் வாங்கி, 90,000 ரூபாயை ஏஜெண்டிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மெடிக்கல். அன்ஃபிட். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "செலவாயிருச்சு" என்றார் அந்த ஆள். ரசீது கிடையாது. பையனுக்கு இப்போது வேலையும் இல்லை, பணமும் இல்லை. ஊரில் அவனுக்கு ஏதோ தொத்து நோய் என்ற பேச்சு மட்டும் இருக்கிறது. அவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். அன்ஃபிட் என்பது ஒரு நாட்டின் விசா விதி. அதை ஒரு பிள்ளையின் ஆயுள்தண்டனையாக மாற்றுவது நம் வாய்தான். இப்படிப் பேசியவர்களில் சிலர் இந்தப் பதிவையும் படிப்பீர்கள். நல்லது, படியுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டினால் பாதிச் சங்கதி அன்றைக்கே தெரிந்துவிடும். டி.பி. என்று வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. மருந்து இலவசம். சாதாரண டி.பி.க்கு ஆறு மாசச் சிகிச்சை. சத்துணவுக்கென்று மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். இவ்வளவும் இருக்க, இருமலை மறைத்துக்கொண்டு வட்டிக்கடைக்குப் போகிறோம்.

"மெடிக்கல்ல கோளாறு வந்தா நான் சரிபண்ணித் தர்றேன்" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்புங்கள். அது திருட்டுச் சான்றிதழ். அங்கே போய் இறங்கியதும் குடியிருப்பு அனுமதிக்கு மறுபடியும் பரிசோதனை உண்டு. அதில் மாட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூட வருவது கடன் மட்டும்தான். ஏஜெண்ட் வரமாட்டார்.

அடுத்தது போலீஸ் சர்டிபிகேட்.

பி.சி.சி. என்றால் ஏதோ பெரிய இடத்துச் சிபாரிசு என்று நினைக்கிறோம். பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கிற சாதாரணச் சான்று அது. நமக்கு மதுரை. கட்டணம் 500 ரூபாய், விண்ணப்பிக்கும்போதே ஆன்லைனில் கட்டிவிடுகிறோம். 2022 செப்டம்பர் 28 முதல் தபால் அலுவலகங்களில் இருக்கும் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். இதற்குப் போய் 5,000, 8,000 என்று கொடுத்துவிட்டு வந்து பெருமையாகச் சொல்கிறீர்கள். விசாரணைக்கு வருகிறவருக்கு டீ கொடுங்கள், தப்பில்லை. கவர் கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுக்கிற கவர், அடுத்த தெருவில் கவர் கொடுக்க வழியில்லாத பிள்ளையின் பேப்பரை மேஜையிலேயே உட்கார வைக்கிறது.

எந்த நாட்டுக்கு இது தேவை என்பதும் அடிக்கடி மாறும். 2022-இல் சவுதிக்கு பி.சி.சி. வேண்டும் என்றார்கள். அதே வருஷம் நவம்பர் 17 அன்று, இந்தியர்களுக்கு இனித் தேவையில்லை என்று சவுதித் தூதரகமே அறிவித்தது. உங்களிடம் பி.சி.சி.க்கென்று பணம் கேட்கிறவரிடம், "இப்ப அது வேணுமா, எங்க போட்டிருக்கு?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது ஊர்ப் பெரியவர்களுக்கு. சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

பொங்கல் கொடையில் தகராறு, வரப்புத் தகராறு, தேர்தல் தகராறு. புகார் எழுதும்போது அடித்தவன் இரண்டு பேர் என்றால், கூட எட்டுப் பேரைச் சேர்க்கிறோம். அதிலும் எதிர் வீட்டில் படிக்கிற பையன், பாஸ்போர்ட் எடுத்த பையன் யாரென்று தேடிச் சேர்க்கிறோம். "அவன் எப்படி ஃபாரின் போறான்னு பாக்குறேன்" என்று சொல்லியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இது வீரமா? அன்றைக்கு அந்தப் பையன் ஊரிலேயே இருந்திருக்க மாட்டான். அவன் பேர் ஸ்டேஷன் பதிவேட்டில் ஏறிவிடும். பி.சி.சி. விசாரணையில் அது எழுந்து நிற்கும். பிறகு எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வக்கீல் வைத்து அலைய வேண்டும். இன்று நீங்கள் எழுதுகிறீர்கள், நாளை அவர்கள் உங்கள் பேரனை எழுதுவார்கள். இரண்டு தெருவிலும் பிள்ளைகள் வீணாவதுதான் மிச்சம்.

பேர் மாட்டிய பிள்ளைகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாடு போவது தனிமனித உரிமையில் அடங்கும் என்று மேனகா காந்தி வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டதாலேயே நீதிமன்றத்தில் வழக்கு நிலுவை என்று ஆகாது, நீதிமன்றம் அதைக் கையில் எடுத்த பிறகுதான் அப்படிக் கொள்ள வேண்டும் என்று 2019 அக்டோபர் 10 தேதியிட்ட வெளியுறவு அமைச்சகக் குறிப்பு பாஸ்போர்ட் விஷயத்தில் சொல்கிறது. கொரோனா ஊரடங்கில் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளை வாபஸ் வாங்குவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. உங்கள் பேரும் அதில் இருந்ததா, போய்விட்டதா? விசா வந்த பிறகு பதறாமல் இப்போதே ஸ்டேஷனில் கேட்டு வையுங்கள். எதையும் மறைத்து எழுதாதீர்கள். வழக்கைவிடப் பொய் பெரிய கெடுதல்.

சரி, இவ்வளவு சோதனையும் யாருக்கு? போகிற பிள்ளைக்கு. அவன் ரத்தத்தைப் பார்த்தாயிற்று, நெஞ்சைப் பார்த்தாயிற்று, குணத்தையும் ஸ்டேஷனில் விசாரித்தாயிற்று. அவனிடம் பணம் வாங்குகிற ஆளை யார் சோதித்தது? அதை நாம்தான் செய்ய வேண்டும். அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1983-ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். பதிவு பெற்றவர் பட்டியல் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் இருக்கிறது. அவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோடு. தமிழக அரசின் சொந்த நிறுவனமாக அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது. டீக்கடை ஏஜெண்ட் பேரைச் சொல்லத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்?

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதோடு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் சேரும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம். இதைத் தொந்தரவு என்று சொல்லி விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். தொந்தரவு ஏஜெண்டுக்கு. அங்கே சம்பளம் வராமலோ அடிபட்டோ கிடந்தால், விசிட் விசாவில் போனவனை வேலைக்கு வந்தவன் என்று எந்தக் காகிதம் சொல்லும்?

"சார், நீங்க ரூல்ஸ் பேசுறீங்க. ரூல்ஸ் பாத்தா வேல நடக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் ஒரு நாள், பாஸ்போர்ட் ஆபீசில் ஒரு நாள், ஸ்டேஷனில் அரை நாள் போகும். கூலி வேலை பார்க்கிறவருக்கு அது பெரிய நஷ்டம்தான். ஆனால் அந்த இரண்டரை நாளை மிச்சம் பிடிக்க மூன்று வருஷ வட்டி கட்டுகிறோமே, அது எந்தக் கணக்கு? ஐந்தாம் வகுப்பில் லாப நட்டம் போட்டவர்கள்தானே எல்லாரும்?

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் எக்ஸ்ரே. பிறகு மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பேரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து ஏஜெண்டின் பதிவு எண். அதற்குப் பிறகு, சம்பளம் எழுதிய ஒப்பந்தத் தாள். கடைசியில்தான் பணம், அதுவும் ரசீதுக்கு. இந்த வரிசைக்கு ஒத்துவராத ஏஜெண்ட், உங்கள் சொந்தத் தாய்மாமனாகவே இருந்தாலும், வேண்டாம்.

விண்ணப்பம் புரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைக் கொண்டுவாருங்கள். அவற்றை ஏற்கெனவே ஏஜெண்டிடம் கொடுத்திருந்தால், முதலில் போய் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.